மூலிகைப் பாலிசாக்கரைடு: மகசூலைக் கூட்டும் முன் எதை அளக்கப் போகிறோம்?

மூலிகையிலிருந்து பாலிசாக்கரைடை, அதாவது சர்க்கரைகள் கோத்த நீளச் சங்கிலிகளை, பிரித்தெடுக்கிறோம். 10 கிராம் வேர்ப்பொடியை 95 டிகிரி செல்சியஸில் மூன்று மணி நேரம் நீரில் வேகவைத்து, வடிநீரைச் சுண்டவைத்து, எத்தனால் ஊற்றி வீழ்படிவை உலர்த்தினால் 0.9 கிராம் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே பொடியை 80 டிகிரியில் இரண்டு மணி நேரம் மட்டும் வைத்தால் 0.7 கிராம். தராசு சொல்வதைக் கேட்டால் 9 சதவீதம் வென்றது, 7 சதவீதம் தோற்றது. ஆனால் இரண்டிலும் மொத்தச் சர்க்கரையை அளந்து, முதலாவதில் 52 சதவீதமும் இரண்டாவதில் 74 சதவீதமும் வந்தால் கணக்கே மாறிவிடும். முதல் முறையில் பொடியின் எடையில் 4.68 சதவீதம்தான் பாலிசாக்கரைடு. இரண்டாவதில் 5.18. கூடுதலாக வந்த எடை முழுக்கப் புரதமும் உப்பும் நிறமியும்தான். அதோடு, அதிக வெப்பத்தில் நீளச் சங்கிலிகளில் ஒரு பகுதி துண்டாகி, எத்தனாலில் படியாத அளவுக்குச் சிறுத்துப்போய் மேல்திரவத்தோடு போய்விட்டிருக்கும்.

இது புரியாமல் எத்தனை பரிசோதனை அட்டவணை போட்டாலும் பயனில்லை. அந்த அட்டவணையை அலசும் மென்பொருள் நாம் கொடுத்த எண்ணை உயர்த்தித் தரும். அந்த எண் கச்சா எடை என்றால், அழுக்கை அதிகமாக எடுக்கும் நிலையைத்தான் அது 'உகந்த நிலை' என்று காட்டும். ஆகவே வெப்பநிலை, நேரம், நீரளவு பற்றிப் பேசும் முன் இரண்டு முடிவுகள் எடுத்தாக வேண்டும். எந்தப் பாலிசாக்கரைடு வேண்டும்? அது வந்திருக்கிறது, உடையாமல் வந்திருக்கிறது என்பதை எந்த அளவீட்டால் அறிவோம்?

செடிக்குச் செடி வேறு

சோற்றுக்கற்றாழை ஜெல்லில் இருப்பது அசெட்டைல் குழுக்கள் ஏறிய மன்னான். காரத்தன்மை கொஞ்சம் கூடினாலும், நீண்ட நேரம் சூடாக்கினாலும் அந்த அசெட்டைல் கழன்றுவிடும், கரைதிறனும் மாறிவிடும். தண்ணீர்விட்டான் கிழங்கில் ஃப்ரக்டான் வகை உண்டு. அது அமிலத்துக்கு அஞ்சும், பி.எச். 3-க்குக் கீழே சூடாக்கினால் வேகமாக ஃப்ரக்டோஸாக உடையும். சீந்தில் தண்டிலும் அமுக்கிராக் கிழங்கிலும் ஸ்டார்ச் நிறைய. வெந்தயத்தின் கேலக்டோமன்னானில் கேலக்டோஸும் மன்னோஸும் ஏறக்குறைய சமமாக இருப்பதால் அது குளிர்ந்த நீரிலேயே கரையும். அதன் தொல்லை பிசுபிசுப்பு. இலைகளிலும் பூக்களிலும் பெரும்பாலும் பெக்டின் சார்ந்த அமிலப் பாலிசாக்கரைடுகள். காளான்களின் பீட்டா குளுக்கான் செல்சுவரோடு கெட்டியாகப் பிணைந்திருப்பதால் வெந்நீருக்கு அரைகுறையாகத்தான் இணங்கும்.

வேர், கிழங்கு என்றால் முதல் நாளே அயோடின் சோதனை செய்துவிடுங்கள். வடிநீரில் ஒரு துளி விட்டதும் நீலமாகக் கறுத்தால் ஸ்டார்ச் இறங்கியிருக்கிறது. 'வெப்பநிலை 60-லிருந்து 80-க்கு ஏறியபோது மகசூல் இரட்டித்தது' என்ற முடிவுகளில் பல, ஸ்டார்ச் மணிகள் 60 முதல் 75 டிகிரிக்குள் கூழாகிக் கரைந்ததன் விளைவுதான். ஸ்டார்ச் வேண்டாம் என்றால் வழி இரண்டு. 50 டிகிரியைத் தாண்டாமல் முதல் சாற்றை எடுத்து, மணிகளைச் சக்கையிலேயே விட்டுவிடலாம். அல்லது உயர்வெப்பத்தில் எடுத்து, வெப்பம் தாங்கும் ஆல்ஃபா அமைலேஸ் சேர்த்து, அயோடினில் நீலம் மறையும்வரை செரிக்கவைத்து, உடைந்த துண்டுகளை டயாலிசிஸில், அதாவது சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியேவிடும் பையில் வைத்து, நீக்கலாம். மலிவான அமைலேஸ் தயாரிப்புகளில் பீட்டா குளுக்கனேஸ் பக்கச் செயல்பாடு இருக்கக்கூடும். உங்கள் இலக்கே குளுக்கான் என்றால் நல்ல தூய்மையுள்ள நொதியையே வாங்குங்கள்.

பொடி, கழுவல்

மொத்தத் தொடருக்கும் தேவையான பொடியை ஒரே தடவையில் அரைத்து, நன்றாகக் கலந்து, காற்றுப் புகாமல் வைத்துவிடுவது மிக முக்கியம். பருவமும் செடியின் வயதும் பாலிசாக்கரைடு அளவை வெகுவாக மாற்றும். பாதிப் பரிசோதனை ஒரு மூட்டையிலும் மீதி வேறு மூட்டையிலும் நடந்தால், அந்த வேறுபாடு வெப்பநிலையின் தலையில் எழுதப்பட்டுவிடும். உலர்த்துவது 40 முதல் 50 டிகிரியில். ஈரப்பதத்தை 105 டிகிரியில் தனியாக அளந்து, மகசூலை உலர் எடைக்குக் கணக்கிடுங்கள். 10 சதவீத ஈரம் இருந்தால் 10 கிராம் என்று நிறுத்தது உண்மையில் 9 கிராம்தான்.

40 முதல் 60 மெஷ், அதாவது சுமார் 0.25 முதல் 0.42 மில்லிமீட்டர், பெரும்பாலான செடிகளுக்குப் போதும். இன்னும் நைசாக அரைத்தால் மேற்பரப்பு கூடும் என்பது சரிதான். ஆனால் வழவழப்பான சரக்கு நீரில் உப்பி, துணியையும் வடிதாளையும் அடைத்துவிடும்; வடியாமல் சக்கையில் தங்கும் சாறு, நைசால் கிடைத்த லாபத்தைத் தின்றுவிடும். குண்டுகள் உருண்டு அரைக்கும் ஆலையில் (பால் மில்) நீண்ட நேரம் அரைப்பது சங்கிலிகளையே உடைக்கும்.

அடுத்து 80 சதவீத எத்தனால் கழுவல். ஒரு பங்கு பொடிக்குப் பத்துப் பங்கு எத்தனால், ரிஃப்ளக்ஸில் (ஆவி குளிர்ந்து குடுவைக்கே திரும்பும்படி கொதிக்கவைத்து) இரண்டு மணி நேரம், இரண்டு முறை. எண்ணெய் விதைகள் என்றால் அதற்கு முன் பெட்ரோலியம் ஈதர். இந்தப் படியை நேர விரயம் என்று விடுபவர்கள் அதிகம். சுக்ரோஸ், குளுக்கோஸ், நிறமிகள், சிறிய கிளைகோசைடுகள் எல்லாம் இதில்தான் போகின்றன. செடியிலேயே இருக்கும் பாலிசாக்கரைடை உடைக்கும் நொதிகளும் இங்கேயே செயலிழக்கின்றன. மொத்தச் சர்க்கரையிலிருந்து டி.என்.எஸ். (டைநைட்ரோ சாலிசிலிக் அமில) முறையில் கண்ட ஒடுக்கும் சர்க்கரையைக் கழித்தால் பாலிசாக்கரைடு வந்துவிடும் என்று நம்பி இதைத் தவிர்த்தால் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. சுக்ரோஸ் ஒடுக்கும் சர்க்கரை அல்ல. அது டி.என்.எஸ்.-க்குத் தெரியாமல் நழுவி, முழுசாகப் பாலிசாக்கரைடு கணக்கில் ஏறிவிடும். கடைசிக் கழுவலில் ஒரு சொட்டு எடுத்து, சர்க்கரையை நிறமாகக் காட்டும் ஃபீனால்-சல்ஃபூரிக் சோதனை செய்து பாருங்கள். நிறம் வராவிட்டால் கழுவல் முடிந்தது. பிறகு எத்தனால் வாடை முற்றிலும் போகும்வரை சக்கையை உலர்த்த வேண்டும். சக்கையில் மிஞ்சும் எத்தனால் பெரிய சங்கிலிகள் நீரில் கரைவதைத் தடுக்கும்.

வெந்நீர்ச் சாறு

காய்ச்சி வடித்த நீர் அல்லது அயனி நீக்கிய நீர்தான் சரி. கடினநீரில் இருக்கும் கால்சியம், குறைவாக மெத்தில் ஏறிய பெக்டின்களைக் குறுக்கே பிணைத்துச் சக்கையிலேயே பூட்டிவைக்கும். பெக்டினே இலக்கு என்றால் வெந்நீருக்குப் பிறகு 0.5 சதவீத அம்மோனியம் ஆக்ஸலேட் கரைசலில் ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். கால்சியத்தை அது பிடித்துக்கொள்வதால் நீருக்கு வராதது இறங்கி வரும். செல்சுவரின் ஹெமிசெல்லுலோஸ் வேண்டுமானால் 1 மோலார், பிறகு 4 மோலார் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. அதில் 20 மில்லிமோலார் சோடியம் போரோஹைட்ரைடு கட்டாயம். இல்லாவிட்டால் சங்கிலியின் ஒடுக்கும் முனையிலிருந்து சர்க்கரைகள் ஒவ்வொன்றாக உரிந்துபோகும்.

வெப்பநிலைக்கு 60 முதல் 100 டிகிரிவரை தேடிப் பார்க்கலாம். வெப்பம் கூடும்போது கரைதிறனும் பரவலும் கூடுகின்றன, பிசுபிசுப்பு குறைகிறது. கூடவே உடைவும் தொடங்குகிறது. மெத்தில் ஏறிய பெக்டின் நடுநிலை பி.எச்.-இல் கொதிநிலைக்கு அருகில் பீட்டா நீக்க வினையால் துண்டாகும், பி.எச். 4 வாக்கில் அது அதிகம் தாங்கும். அதே பி.எச். 4-இல் 95 டிகிரியில் ஃப்ரக்டானையோ அரபினோஸ் பக்கக்கிளைகளையோ வைத்தால் அவை மெல்ல அறுபடும். 'எல்லா மூலிகைக்கும் உகந்த பி.எச்.' என்று ஒன்று கிடையாது.

நேரத்தை எப்போதிலிருந்து எண்ணுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். நீர்த்தொட்டி 90 டிகிரியைக் காட்டும்போது குடுவைக்குள் இருக்கும் கூழ் 70-ஐத்தான் தொட்டிருக்கும். வெப்பமானியைக் கூழுக்குள் வைத்து, அது இலக்கைத் தொட்டபின் கடிகாரத்தை ஓட்டுங்கள். குடுவைக்குக் கண்டென்சர் மாட்டுங்கள். திறந்த பீக்கரில் 90 டிகிரியில் மூன்று மணி நேரம் வைத்தால் நீர் கணிசமாக ஆவியாகி, 30-க்கு 1 என்று எழுதிய விகிதம் கடைசியில் வேறொன்றாக இருக்கும்.

நீர் விகிதத்தைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. 10 கிராம் பொடிக்கு 200 மில்லிலிட்டர் நீர் ஊற்றுகிறோம். உப்பிய சக்கை 50 மில்லிலிட்டர் சாற்றைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. கரைந்ததில் 75 சதவீதம் வடிநீரில், 25 சதவீதம் சக்கையில். மறுபடி 200 மில்லிலிட்டர் ஊற்றினால் சக்கையில் இருந்ததில் ஐந்தில் நான்கு பங்கு வெளியே வரும். மொத்தம் 95 சதவீதம். மூன்றாவது முறை அதை 99 ஆக்கும். அதே 400 மில்லிலிட்டரையும் ஒரே தடவையில் ஊற்றியிருந்தால் 87.5 சதவீதம்தான். ஆகவே 20-க்கு 1 விகிதத்தில் இரண்டு முறை என்பது 40-க்கு 1 விகிதத்தில் ஒரு முறையைவிட எப்போதும் மேல். மூன்றாவது முறை தரும் 4 சதவீதத்துக்காக இன்னும் 200 மில்லிலிட்டரை ஆவியாக்க வேண்டும். சரக்கு அரிதாக இருந்தால் தவிர அது தேவையில்லை. இந்தக் கணக்கு கரைந்து முடிந்த பொருளுக்குத்தான். மெதுவாகக் கரையும் செல்சுவர்ப் பாலிசாக்கரைடுகளுக்கு இரண்டாவது சாறு இன்னும் அதிகம் தரும்.

வடிப்பதை முதலில் துணியில், சூடு ஆறும் முன்னரே செய்யுங்கள். ஆறிவிட்டால் கெட்டியாகி நின்றுவிடும். பிறகு சென்ட்ரிஃபியூஜ். '4000 ஆர்.பி.எம்.' என்று மட்டும் எழுதி வைப்பதால் யாருக்கும் பயனில்லை. சுழலியின் ஆரம் 10 சென்டிமீட்டர் என்றால் அது சுமார் 1,790 ஜி (புவியீர்ப்பு விசையின் அத்தனை மடங்கு). 16 சென்டிமீட்டர் என்றால் சுமார் 2,860 ஜி. நுண்துகள் தெளியுமா தெளியாதா என்பதை முடிவு செய்வது இந்த வித்தியாசம்தான். 4,000 முதல் 5,000 ஜி-யில் 15 நிமிடம் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

அல்ட்ராசவுண்டு, மைக்ரோவேவ், நொதி

அல்ட்ராசவுண்டு, 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் அதிர்வில் எழும் நுண்குமிழிகள் வெடிப்பதால் செல்சுவரைக் கிழிக்கிறது. இரண்டு மணி நேர வேலையை 20, 30 நிமிடத்தில், குறைந்த வெப்பத்தில் முடிக்கிறது. அதே விசை சங்கிலியையும் அறுக்கும், அதுவும் பெரும்பாலும் நடுப்பகுதியில். நீளமான சங்கிலிதான் முதலில் அறுபடும். மகசூல் வரைபடம் 30 நிமிடத்தில் தட்டையானபின் 60 நிமிடம்வரை ஓட்டுவது, வந்ததை உடைப்பதற்கு மட்டுமே பயன்படும்.

கருவியின் முகப்பில் தெரியும் 300 வாட் நீருக்குள் போகிற 300 வாட் அல்ல. கண்டுபிடிப்பது எளிது. 200 கிராம் நீரில் முனையை அமிழ்த்தி ஒரு நிமிடம் ஓட்டுங்கள். வெப்பம் 3 டிகிரி ஏறினால், 200-ஐ 4.18-ஆலும் 3-ஆலும் பெருக்கி 60-ஆல் வகுக்க, சுமார் 42 வாட். இந்த எண்ணை எழுதிவைத்தால்தான் இன்னொரு கருவியில் அதே வேலையைத் திரும்பச் செய்ய முடியும். பனித்தொட்டியோ குளிர்நீர் உறையோ இல்லாமல் ஓட்டினால் பத்து நிமிடத்தில் சாறு சூடேறிவிடும். பிறகு பலன் ஒலியாலா வெப்பத்தாலா என்று சொல்ல வழியில்லை. குளியல் தொட்டி வகையில் குடுவை வைக்கும் இடத்தைப் பொறுத்து விசை மாறும். தொட்டித் தரையில் இடத்தைக் குறியிட்டு, எப்போதும் அங்கேயே வையுங்கள்.

மைக்ரோவேவ் வேகமானது, ஆனால் கூழுக்குள் ஆங்காங்கே வெப்பம் எகிறும். வெப்பநிலை உணரியும் கலக்கியும் உள்ள கருவி இல்லாவிட்டால் ஒரே முடிவு இரண்டு தடவை வராது.

நொதிகளில் செல்லுலேஸ் பெரும்பாலும் நன்மையே செய்யும்: பொடியின் எடையில் 1 முதல் 2 சதவீதம், பி.எச். 4.5 முதல் 5, 50 டிகிரி, 60 முதல் 90 நிமிடம், பிறகு 95 டிகிரியில் பத்து நிமிடம் வைத்து நிறுத்துவது. பெக்டினேஸை யோசித்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். இலக்கு பெக்டின் என்றால் அது இலக்கையே தின்றுவிடும். வணிக நொதிப்பொடிகளில் மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்பிகள் கலந்திருப்பது சாதாரணம். செடிப்பொடி இல்லாமல் நொதி மட்டும் போட்ட ஒரு வெற்றுப் பரிசோதனையை முழுப் படிகளிலும் கொண்டுபோய், அதில் வரும் சர்க்கரையைக் கழிக்காவிட்டால், நொதி மகசூலைக் கூட்டியதா, தானே மகசூலாக வந்ததா என்று தெரியாது.

எத்தனால் ஊற்றும் நேரம்

நல்ல சாற்றைக் கெடுப்பது பெரும்பாலும் இங்கேதான். வடிநீரைக் குறைந்த அழுத்தத்தில், 50 முதல் 60 டிகிரியில், நாலில் ஒரு பங்கு அல்லது ஐந்தில் ஒரு பங்காகச் சுண்டவையுங்கள். அதிகம் சுண்டினால் எத்தனால் பட்டதும் மேற்புறம் தோல்போல் இறுகி, உள்ளே நிறமியும் உப்பும் அடைபட்ட கட்டியாகிவிடும். அதை எத்தனை முறை கழுவினாலும் வெளுக்காது. சுண்டாமல் ஊற்றினால் பால்போன்ற மங்கல் மட்டும் தோன்றி, இரவு முழுதும் வைத்தாலும் படியாது. மங்கல் அப்படியே நின்றால் பயப்பட வேண்டாம். அமிலப் பாலிசாக்கரைடுகள் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு மிதக்கின்றன. கரைசல் அளவில் அரை சதவீதம் போலச் சாதாரண உப்பையோ சோடியம் அசிட்டேட்டையோ முன்கூட்டியே கரைத்துவிட்டால் திரிதிரியாகத் திரண்டு இறங்கும்.

ஊற்றும் விதத்தைக் கிட்டே நின்று பாருங்கள். அறை வெப்பநிலைக்கு ஆறிய சாற்றைக் காந்தக் கலக்கியில் சுழலவிட்டு, எத்தனாலை நூலிழையாக ஊற்ற வேண்டும். முதல் ஒரு பங்குவரை பெரும்பாலும் மாற்றமே தெரியாது. பிறகு கண்ணாடி ஓரத்தில் லேசான நீலமேறிய மங்கல், அதன்பின் வெண்ணிழைகள். நீளச் சங்கிலிகள் இருந்தால் இழைகள் கலக்கியைச் சுற்றிப் பஞ்சாகத் திரளும். துண்டான சரக்கு என்றால் இழையே வராது, மாவுபோல் வண்டலாக இறங்கும். எந்தக் கருவிக்கும் முன்னால் சங்கிலியின் நிலைமையைச் சொல்லும் முதல் சாட்சி இதுதான். குறிப்பேட்டில் 'இழை', 'வண்டல்' என்று எழுதி வையுங்கள்.

செறிவுக் கணக்கில் பலர் தடுமாறுகிறார்கள். 95 சதவீத எத்தனாலை நான்கு பங்கு ஊற்றினால் முடிவில் 76 சதவீதம்தான், 80 அல்ல. உண்மையில் 80 வேண்டுமென்றால் 100 மில்லிலிட்டர் சாற்றுக்கு சுமார் 533 மில்லிலிட்டர் தேவை. பெரிய சங்கிலிகளுக்கு 76-உம் 80-உம் ஒன்றுதான். சிறிய ஃப்ரக்டான்களுக்கு அந்த நான்கு சதவீதத்தில் கணிசமான வேறுபாடு உண்டு. 4 டிகிரியில் ஓர் இரவு வைத்து, சென்ட்ரிஃபியூஜில் இறக்கி, வீழ்படிவை 80 சதவீத எத்தனாலிலும் பிறகு தூய எத்தனாலிலும் கழுவுங்கள். அப்படியே ஃப்ரீஸ் டிரையரில் வைத்துவிடக் கூடாது. எத்தனால் உறையாமல் நின்று, வெற்றிடத்தில் பொங்கி, குடுவையின் கழுத்துவரை ஏறிவிடும். சிறிது நீரில் கரைத்து, மிஞ்சிய எத்தனாலைச் சுழல் ஆவியாக்கியில் போக்கிவிட்டு, பிறகு உறையவையுங்கள். வீழ்படிவை வெறும் அடுப்பில் 60 டிகிரியில் உலர்த்தினால் கொம்புபோல் இறுகி, மறுபடி கரையவே மறுக்கும்.

புரதமும் நிறமும்

புரதம் நீக்கும் பழைய செவாக் முறை இன்னும் ஓடுகிறது: குளோரோஃபார்மும் நார்மல் பியூட்டனாலும் 4-க்கு 1, அதைச் சாற்றின் அளவில் கால் பங்கு சேர்த்து, 20 நிமிடம் வேகமாகக் குலுக்கி, சென்ட்ரிஃபியூஜ் செய்தால் இரண்டு திரவங்களுக்கும் நடுவே வெள்ளைப் படலமாகப் புரதம் நிற்கும். படலம் வராத வரை, வழக்கமாக மூன்று முதல் ஐந்து முறை. ஒவ்வொரு முறையும் படலத்தோடு ஒட்டிக்கொண்டு பாலிசாக்கரைடும் போகிறது. புரதத்தோடு இணைந்திருக்கும் கிளைகோபுரதங்களே உங்களுக்கு வேண்டியவை என்றால் இந்த முறையே தவறு. குளோரோஃபார்ம் என்பதால் புகைக்கூண்டுக்குள்தான் செய்ய வேண்டும், கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும். புரதத்தை உடைக்கும் நொதியான பாப்பெய்னால் ஒருமுறை செரித்துவிட்டு, செவாக்கை ஒன்றிரண்டு தடவையோடு நிறுத்துவதையே நான் பரிந்துரைப்பேன், இழப்பு குறையும். டிரைக்குளோரோ அசிட்டிக் அமிலம் வேகமாக வேலை செய்யும், ஆனால் ஃப்ரக்டானும் அரபினோஸ் கிளைகளும் உள்ள சரக்கில் அதைத் தொடாதீர்கள்.

நிறம் போக்க ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றுவது பரவலான பழக்கம். சாற்றில் இரும்பு இம்மியளவு இருந்தாலும் அதிலிருந்து பிறக்கும் தனிஉறுப்புகள் சங்கிலியை வெட்டித்தள்ளும். செயலூட்டிய கரி பாலிசாக்கரைடையும் சேர்த்து உறிஞ்சும். பருத்துளைப் பிசின்களோ பாலியமைடோ மெதுவானவைதான், ஆனால் சேதம் குறைவு. டயாலிசிஸுக்கு 3,500 டால்டன் பை. மூன்றில் இரண்டு பங்கு மட்டும் நிரப்புங்கள், நீர் உள்ளே ஏறி உப்பும். 48 மணி நேரம், 4 டிகிரியில், நீரை மாற்றிக்கொண்டே. அறை வெப்பநிலையில் இரண்டு நாள் விட்டால் நுண்ணுயிர்கள் நமக்கு முன்னால் சாப்பிட்டுவிடும்.

அளப்பது

1956-இல் வெளியான துப்வாவின் ஃபீனால்-சல்ஃபூரிக் முறைதான் இன்றும் அடிப்படை. 1 மில்லிலிட்டர் மாதிரி, 1 மில்லிலிட்டர் 5 சதவீத ஃபீனால், 5 மில்லிலிட்டர் அடர் சல்ஃபூரிக் அமிலம். அமிலத்தைக் குழாயின் சுவர் வழியே ஒழுகவிடாமல், திரவத்தின் மேற்பரப்பின் நடுவில் நேராக, ஒரே வேகத்தில் விட வேண்டும். அந்தக் கணத்தில் எழும் வெப்பம்தான் வினையை நடத்துகிறது. மெதுவாக விட்ட குழாயில் நிறம் குறைவாகவே வரும். பத்து நிமிடம் நிற்கட்டும், கலக்குங்கள், இருபது நிமிடம் கழித்து 490 நானோமீட்டரில் படியுங்கள். கையுறை, முகக்கவசம் இல்லாமல் இதைச் செய்யவே கூடாது.

தப்பு நுழையும் வாசல்கள் சில. பஞ்சு, வடிதாள் தூசி செல்லுலோஸ் என்பதால் ஓர் இழை விழுந்தாலே அந்தக் குழாய் எகிறும். நிறமுள்ள சாற்றுக்கு, ஃபீனாலுக்குப் பதில் நீர் விட்ட தனி வெற்று மாதிரி வேண்டும். குளுக்கோஸ் நியம வளைவிலிருந்து பாலிசாக்கரைடு அளவுக்கு மாற 0.9-ஆல் பெருக்க வேண்டும். சங்கிலியில் கோக்கும்போது ஒவ்வொரு சர்க்கரையும் ஒரு நீர் மூலக்கூறை இழக்கிறது, 180 கிராம் 162 ஆகிறது. பெக்டினின் முக்கியக் கூறான யூரானிக் அமிலங்கள் இந்த முறையில் குளுக்கோஸைவிட வெகுவாகக் குறைந்த நிறமே தரும். ஆகவே பெக்டின் சரக்கை இதில் மட்டும் அளந்தால் தூய்மை குறைவாகவே தெரியும். மெட்டா ஹைட்ராக்ஸி டைஃபீனைல் முறையில் 520 நானோமீட்டரில் யூரானிக் அமிலத்தைத் தனியாக அளந்து சேர்த்துக்கொள்ளுங்கள். சர்க்கரைக் கூறுகளுக்கு, சர்க்கரையோடு இணைந்து அதைக் கருவிக்குத் தெரியவைக்கும் பி.எம்.பி. என்ற வேதிப்பொருளைச் சேர்த்து, கலவையைக் கூறுகூறாகப் பிரிக்கும் எச்.பி.எல்.சி.-யில் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும்: பி.எம்.பி. ஃப்ரக்டோஸோடு இணையாது. ஃப்ரக்டான் நிறைந்த கிழங்கில் அந்த முறை 'குளுக்கோஸ் மட்டுமே' என்று சாதிக்கும்.

மூலக்கூறு எடைக்கு அளவு விலக்கு எச்.பி.எல்.சி. இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உப்பலோட் பிசுபிசுப்புமானி போதும். மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், 0.1 மோலார் உப்புநீரில், 25 டிகிரியில். உப்பில்லாமல் செய்தால் மின்சுமையுள்ள சங்கிலிகள் விரிந்து நின்று போலியான உயர்வைக் காட்டும். ஒரே செடி, ஒரே செறிவு என்கிறவரை, ஓட்ட நேரம் குறைவது சங்கிலி உடைவதற்கு நல்ல அடையாளம். எஃப்.டி.ஐ.ஆர். எனும் அகச்சிவப்பு நிறமாலையில் 1,735 செ.மீ⁻¹ அருகே உள்ள எஸ்டர் முகடு தேய்ந்திருந்தால் அசெட்டைலோ மெத்திலோ கழன்றிருக்கிறது.

அட்டவணை போடும் கலை

மூன்று காரணிகளுக்குப் பாக்ஸ்-பென்கன் வடிவமைப்பு வசதியானது, 1960-இல் வந்தது. 12 விளிம்புப் புள்ளிகள், 5 மையப் புள்ளிகள், மொத்தம் 17 பரிசோதனை. மூலைகளுக்குப் போகாததால், எல்லாக் காரணியும் ஒரே நேரத்தில் உச்சத்தில் இருக்கும் கடுமையான நிலை இதில் வராது; சூட்டில் உடையும் சரக்குக்கு இது பெரிய வசதி. உதாரணமாக, வெப்பநிலை 70, 80, 90 டிகிரி. நேரம் 60, 120, 180 நிமிடம். நீர் விகிதம் 20, 30, 40. இந்த எல்லைகளை ஊகத்தில் போடாமல், ஒவ்வொரு காரணியையும் தனித்தனியே மாற்றிப் பார்த்து, வளைவு திரும்பும் இடம் நடுவில் வரும்படி வையுங்கள். கண்டறிந்த உச்சம் எல்லையிலேயே, அதாவது 90-இலோ 40-இலோ நின்றால் அது உச்சமே அல்ல, நீங்கள் தேடலை நிறுத்திய இடம். எல்லையை நகர்த்தி மறுபடி செய்ய வேண்டும்.

17 பரிசோதனைகளின் வரிசையைக் குலுக்கிப் போடுங்கள். மையப் புள்ளி ஐந்தும் தனித்தனியாகப் பொடி நிறுத்து, தனித்தனியாகச் சாறெடுத்தவையாக இருக்க வேண்டும். ஒரே சாற்றை ஐந்து முறை ஸ்பெக்ட்ரோமீட்டரில் படித்தால் பிழை பொய்யாகச் சுருங்கி, சமன்பாடு தரவோடு பொருந்தவில்லையா என்று பார்க்கும் பொருந்தாமைச் சோதனை சின்ன விலகலுக்கெல்லாம் கூச்சலிடும்.

முழு இருபடிச் சமன்பாட்டில் பத்துக் கெழுக்கள். 17-இல் பத்து போனால் மிஞ்சுவது ஏழு விடுதலைப் படிகள்: பொருந்தாமைக்கு மூன்று, தூய பிழைக்கு நான்கு. இவ்வளவு குறைந்த மிச்சத்தில், சமன்பாடு தரவோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று காட்டும் ஆர்-ஸ்கொயர் 0.98 வருவது சாதனையே இல்லை. திருத்திய ஆர்-ஸ்கொயரையும், முன்கணிப்பு ஆர்-ஸ்கொயரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 0.2-க்கு மேல் இடைவெளி இருந்தால், ஏதோ ஒரு புள்ளி மொத்தச் சமன்பாட்டையும் தன் பக்கம் இழுக்கிறது. எச்சப் பிழை வரைபடத்தில் அதைத் தேடி, அந்தப் பரிசோதனையின் குறிப்பேட்டுப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும். காரணம் கிடைக்காமல் புள்ளியை நீக்கக் கூடாது.

மறுமொழியாக, அதாவது மென்பொருள் உயர்த்த வேண்டியவையாக, இரண்டு எண்களைக் கொடுங்கள்: சர்க்கரையால் திருத்திய மகசூல், பிசுபிசுப்பு அல்லது மூலக்கூறு எடை. 1980-இல் டெரிங்கரும் சூயிச்சும் தந்த விருப்பச் சார்பு முறை இரண்டையும் ஒன்றாக எடைபோட உதவும். பெரும்பாலான வடிவமைப்பு மென்பொருள்களில் அது உண்டு. இப்படிச் செய்தால் உகந்த வெப்பநிலை பெரும்பாலும் சில டிகிரி கீழே இறங்கும், நேரம் குறையும். அந்த இறக்கத்தை நான் மனதார வரவேற்பேன். உடலுக்குள் ஒரு பாலிசாக்கரைடு எப்படி வேலை செய்கிறது என்பது அதன் நீளத்தையும் கிளைகளையும் பொறுத்தது.

மென்பொருள் 83.47 டிகிரி, 127.3 நிமிடம் என்று சொல்லும். உங்கள் நீர்த்தொட்டி ஒரு டிகிரி மேலும் கீழும் ஆடும்போது அந்தத் தசமங்களுக்குப் பொருளில்லை. 83 டிகிரி, 130 நிமிடம் என்று வைத்து மூன்று முறை செய்யுங்கள். சராசரியை நம்பிக்கை இடைவெளியோடு ஒப்பிடாமல், புதிய பரிசோதனைகளுக்கு உரிய, அதைவிட அகலமான முன்கணிப்பு இடைவெளியோடு ஒப்பிட வேண்டும். உள்ளே விழுந்தால் சமன்பாடு நிற்கிறது. பிறகு வேறொரு பருவத்தில் பறித்த சரக்கில் அதே நிலையை ஒருமுறை ஓட்டுங்கள். மகசூல் எண் மாறும், அது இயல்பு. ஆனால் பக்கத்திலேயே 75 டிகிரியிலும் 90 டிகிரியிலும் ஓட்டிப் பார்க்கும்போது 83 இன்னும் மேலே நிற்க வேண்டும்.

பெரிய அளவுக்குப் போகும்போது முதலில் மாறுவது சூடேறும் நேரம். 10 கிராம் குடுவை பத்து நிமிடத்தில் 83-ஐத் தொடும்; 1 கிலோ பொடியும் 20 லிட்டர் நீரும் உள்ள கொப்பரைக்கு அதற்கே ஒரு மணி நேரம்கூட ஆகலாம், ஆறுவதற்கும் அவ்வளவு. இந்த ஏற்ற இறக்க நேரத்திலும் கரைதலும் உடைதலும் நடப்பதால், 130 நிமிடத்தை அப்படியே எடுத்துச் செல்லாமல் 60-இலிருந்து ஆரம்பித்து, அரை மணிக்கு ஒருமுறை 10 மில்லிலிட்டர் சாறு எடுத்துச் சர்க்கரையும் பிசுபிசுப்பும் பாருங்கள். சர்க்கரை ஏறாமல் பிசுபிசுப்பு மட்டும் இறங்கத் தொடங்கும் நிமிடத்தில் அடுப்பை நிறுத்திவிட்டு, சூட்டோடு வடியுங்கள்.